ஆல்டன்ரிட்ஜ் பத்து டாலர்

ஏப்ரல் 8, 2018, ஞாயிறு

காலையில் டல்லாஸிலிருந்து மணிவாசகம் பேசினான். என் அக்கா மகன். "மாமா, ஏலக்காரங்க ஒங்க நோட்ட எடுத்துக்கிறாங்களாம். ஜூன் ஏலத்துல வருது" என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. சமையற்கட்டுக்குப் போய் மங்கையிடம் சொன்னேன். அவள் மாவடுவை உப்பில் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாள். "அப்ப பீரோல ஒரு தட்டு காலியாகுமா?" என்று கேட்டாள். இத்தனை வருஷக் குடித்தனத்துக்கு இவ்வளவுதான் மரியாதை.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கொடுத்த டைரி ஒன்று எழுதாமலே கிடந்தது. இன்றைக்குப் பிள்ளையார் சுழி போட்டுவிட்டேன். ஜூன் வரை எழுதுவேன். ஒருவேளை பிற்காலத்தில் யாராவது கேட்டால், நாகலிங்கம் என்று ஒருவன் மதுரையில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்தான் என்று தெரியட்டும்.

நோட்டு என்றால் சாதாரண நோட்டு இல்லை. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர் பேங்குகள்கூடத் தங்கள் பெயரிலேயே பணம் வெளியிட்டன. அரசாங்கம் அச்சடித்துத் தரும். பேங்கின் பெயரும் ஊரின் பெயரும் பெரிதாக அதில் இருக்கும். பேங்கின் காசாளரும் தலைவரும் கையெழுத்துப் போட்டு வெளியே விடுவார்கள். 1935-க்குப் பிறகு அந்த வழக்கமே நின்றுபோயிற்று. இதைச் சேர்க்கிறவர்களுக்கு அதில் எழுதியிருக்கிற பத்து டாலரும் இருபது டாலரும் பெரிதில்லை. எந்த ஊர் பேங்க், அந்த ஊர் நோட்டு உலகத்தில் எத்தனை மிஞ்சியிருக்கிறது, அதுதான் கேள்வி. நியூயார்க் பேங்க் நோட்டு ஆயிரக்கணக்கில் கிடைக்கும். ஐயோவா மாநிலத்தில் ஆல்டன்ரிட்ஜ் என்று ஒரு ஊர். அந்த ஊர் பேங்க் நோட்டு இதுவரை தெரிந்து ஒன்றே ஒன்று. அது என் பீரோவில் இருக்கிறது.

ஏப்ரல் 14, சனி

சித்திரை ஒன்று. வேப்பம்பூ பச்சடி, மாங்காய்ப் பச்சடி, பருப்பு வடை. மதியம் நல்ல தூக்கம்.

எழுந்ததும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நாள்தானே. இப்போதைய டாலரைவிட அகலம். இடது பக்கம் ஒரு பழைய ஜனாதிபதி. கீழே பேனாவில் போட்ட கையெழுத்து: காசாளர் ஹெச். எல். புரூவர். இங்கே மதுரையில் மிஷனரியாக இருந்த, சர்ச் ஆட்கள் ஐயர் என்று கூப்பிட்ட புரூவர் ஐயரின் அப்பா. மகன் கப்பல் ஏறும்போது தன் கையெழுத்துப் போட்ட நோட்டை ஞாபகத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். மிஷன் பங்களாவைக் காலி செய்தபோது பழைய பேப்பர் கடைக்குப் போன பாட்டுப் புத்தகம் ஒன்றுக்குள் இருந்து இதை எடுத்தேன். அப்போது எனக்கு மீசை கறுப்பு. கடைக்காரர் புத்தகத்தை எடை போட்டுத்தான் கொடுத்தார்.

மங்கை வந்து எட்டிப் பார்த்தாள். "பேரப் பிள்ளையக்கூட இப்படிக் கொஞ்சலயே நீங்க" என்றாள்.

ஏப்ரல் 19, வியாழன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

மங்கை கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் ஹாஸ்டல் வார்டனாக இருந்தவள் கிருபாவதி. ரிட்டயர் ஆகியும் இருவரும் வாராவாரம் பார்த்துக்கொள்வார்கள். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள். அவளுக்கு ஒரு தம்பி, தேவசித்தம். சின்ன வயதிலேயே கால் விளங்காமல் போனவன், சக்கர நாற்காலிதான். இருவரும் கோவில்பிள்ளை சந்தில் ஒரு கீழ்வீட்டில் குடியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் நல்ல மனுஷன். நாற்காலி ஏறி இறங்க வாசலில் சரிவுத்தளம் கட்டிக்கொள்ள விட்டவர். இப்போது அவர் வீட்டை விற்கிறார். அதைச் சொல்லத்தான் கிருபா இன்று வந்திருந்தாள்.

"எனக்கே தர்றேன்னு சொல்லிட்டாருண்ணே. ரொம்பக் கொறச்சுத்தான் கேக்குறாரு. ஜூன் கடைசிக்குள்ள அட்வான்ஸ் குடுத்துட்டா போதும், மிச்சத்துக்கு பேங்க் லோன் கெடைக்கும்" என்றாள். "வேற வீடு பாத்தாச்சு. எல்லாம் மாடி. இவன எப்படித் தூக்கிட்டு ஏற?"

மங்கை என்னைக் காட்டி, "ஒங்கப்பா வச்சிருந்தத இவர்ட்ட காட்டு. இவரு இதுல புலி" என்றாள். கிருபா பையிலிருந்து பைபிளை எடுத்தாள். அவளுடைய அப்பா மிஷனில் கார் ஓட்டியவர். பைபிளுக்குள் மெல்லிய தாள் சுற்றி ஒன்று இருந்தது. "ஐயர் ஊருக்குப் போறப்ப அப்பாவுக்குக் குடுத்தது. இது செல்லுமாண்ணே, செல்லாதா?"

பிரித்தேன். ஆல்டன்ரிட்ஜ். பத்து டாலர். ஹெச். எல். புரூவர்.

முகத்தில் எதையும் காட்டாமல், "ஒரு நாள் இருக்கட்டும். பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். "ஒரு நாள் என்னண்ணே, ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மோரைக் குடித்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 20, வெள்ளி

காலை வெளிச்சத்தில் இரண்டையும் மேஜையில் வைத்துப் பார்த்தேன்.

அந்த நோட்டுகள் தனித்தனியாக அச்சாவதில்லை. ஒரு தாளில் மூன்று பத்து டாலரும் ஓர் இருபது டாலரும் ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகும். ஒரே தாளில் இருப்பவற்றுக்கு எண் ஒன்றுதான். பக்கத்தில் இருக்கும் எழுத்து மட்டும் ஏ, பி, சி என்று மாறும். தாளாகத்தான் பேங்குக்குப் போகும். அங்கே கையெழுத்துப் போட்டுக் கத்தரியால் வெட்டிக்கொள்வார்கள். என்னுடையது ஏ. கிருபாவுடையது பி. எண் ஒன்றேதான்.

என் நோட்டின் கீழ் ஓரத்தில் ஒரு வளைவு உண்டு. வெட்டியவருக்கு அன்றைக்குக் கை நடுங்கியிருக்கும், அல்லது கத்தரி மொட்டையாக இருந்திருக்கும். இத்தனை வருஷமும் அதை ஒரு குறையாகவே நினைத்திருந்தேன். கிருபாவுடையதன் மேல் ஓரத்தை அதன் கீழே கொண்டுபோய் வைத்தேன். வளைவோடு வளைவு போய் ஒட்டிக்கொண்டது. நடுவே ஒரு நூல் போக இடமில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சேர்க்கிறவனுக்குத்தான் அது தெரியும்.

காபி கொண்டுவந்த மங்கையும் பார்த்துவிட்டாள். "அட, ரெண்டும் ஒண்ணா வெட்டுனதா? கிருபாட்ட சொன்னா குதிப்பா!" என்றாள்.

"கொஞ்சம் பொறு" என்றேன்.

"எதுக்குப் பொறுக்கணும்?"

ஏலக்காரர்கள் என் நோட்டைப் பற்றி 'தெரிந்தவரை ஒன்றே ஒன்று' என்று அச்சடிக்கப்போகிறார்கள் என்பதை அவளுக்கு விளக்கினேன். இரண்டு என்று தெரிந்தால் இரண்டின் விலையும் விழும். அது கிருபாவுக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை. முதலில் என்னுடையது போகட்டும். அப்புறம் அவளுடையதை நானே முன்னின்று விற்றுக்கொடுப்பேன். ஜூன் கடைசிக்குள் எல்லாம் முடிந்துவிடும். இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

மங்கை கணக்கு டீச்சர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இதையே அவகிட்டயும் சொல்லிடுங்க" என்றாள். காபி ஆறிவிட்டது.

ஏப்ரல் 21, சனி

கிருபா வந்தாள். நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். சொன்னது இதுதான்: "நல்ல நோட்டுதான். ஆனா இப்ப மார்க்கெட் கொஞ்சம் மந்தமா இருக்கு. ஜூன் நடுவுல பாத்தோம்னா நல்ல வெல வரும். நானே ஏற்பாடு பண்றேன். அதுவரைக்கும் யார்ட்டயும் காட்டாதீங்க. கை படக்கூடாது, ஈரம் படக்கூடாது, பூச்சி அரிக்காமப் பாத்துக்கங்க."

"அட்வான்சுக்குத் தேறுமாண்ணே?"

"தேறும்" என்றேன். அது உண்மை. தேறுவது மட்டுமில்லை, மிஞ்சும்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாளோ என்னவோ. நான் மணிவாசகம் அமெரிக்காவிலிருந்து லீவில் வருகிற விஷயத்தைப் பேசினேன். மங்கை உள்ளே மிக்சியை ஓடவிட்டாள். அரைக்க ஒன்றும் இல்லாத நேரம்.

ஏப்ரல் 22, ஞாயிறு

மங்கை சாயங்காலம் மாவடு கொடுக்கக் கிருபா வீட்டுக்குப் போனாள். எட்டு மணிக்குத்தான் வந்தாள். மாவடு கொடுக்க இவ்வளவு நேரமா என்று கேட்டேன். இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினாள்.

ஏப்ரல் 26, வியாழன்

மணிவாசகம் வந்து நோட்டை வாங்கிக்கொண்டு போனான். அட்டைக்கு நடுவில் உறையில் வைத்து நானே கட்டிக் கொடுத்தேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்து வண்டியேற்றிவிட்ட மாதிரி இருந்தது.

ஏப்ரல் 30, திங்கள்

அழகர் ஆற்றில் இறங்கினார். நாங்கள் டிவியில் பார்த்தோம். மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை. பிளம்பரும் அழகரைப் பார்க்கப் போய்விட்டான்.

மே 5, சனி

கத்தரி வெயில். எழுத ஒன்றுமில்லை.

மே 13, ஞாயிறு

கேட்லாக் வந்துவிட்டது. மணி கம்ப்யூட்டரில் அனுப்பியதைக் கலரில் பிரிண்ட் போட்டு வாங்கிவந்தேன். முழுப் பக்கம்! நோட்டின் முன்பக்கம், பின்பக்கம், அதன் கீழே பேங்கின் வரலாறு. புரூவர் ஐயரைப் பற்றி நான் எழுதிக் கொடுத்ததையும் போட்டிருக்கிறார்கள். மேலே, 'நாகலிங்கம் சேகரிப்பிலிருந்து, மதுரை, இந்தியா'. அதற்கும் மேலே கொட்டை எழுத்தில், 'தெரிந்தவரை ஒன்றே ஒன்று'.

ஆபீஸில் என்னை யாருக்கும் தெரியாது. பென்ஷன் ஆபீஸில் தெரியாது. என் சொந்த சம்பந்திக்கே நான் ஏதோ பழைய பேப்பர் சேர்க்கிற ஆள். இப்போது ஐயோவாவில் நாலு பேருக்கு என் பெயர் தெரியும். மங்கையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். 'ஒன்றே ஒன்று' என்ற இடத்தில் விரலை வைத்து, "இது பொய்யில்ல?" என்றாள்.

"அவங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும்னுதான் போட்டிருக்காங்க."

"ஒங்களுக்குத் தெரியும்ல?"

மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். அனல் அடித்தது. இறங்கி வந்துவிட்டேன்.

மே 20, ஞாயிறு

கிருபா போனில் பேசினாள். வீட்டுக்காரரின் மகன் சென்னையிலிருந்து வந்திருக்கிறானாம். அப்பா ஏன் இவ்வளவு குறைத்து விற்கிறார், ஏன் இத்தனை நாள் காத்திருக்கிறார் என்று குதிக்கிறானாம். "ஜூன் நடுவுல கண்டிப்பா குடுத்துருவேன்னு சொல்லியிருக்கேன்ணே. ஒங்கள நம்பித்தான்" என்றாள். கவலைப்படாதீங்க என்றேன்.

போனை வைக்கப் போகும்போது, "ஒங்களுது நல்லபடியா போகட்டும்ணே. தெனமும் ஜெபத்துல வைக்கிறேன்" என்றாள்.

என்னுடையது ஏலத்துக்குப் போயிருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்? மங்கை ஏலத்தைப் பற்றி மட்டும் சொல்லியிருப்பாள். அதில் தப்பில்லை.

மே 28, திங்கள்

அட்வான்ஸுக்கு என் டெபாசிட்டை உடைத்துக் கிருபாவுக்குக் கொடுத்துவிடலாமா என்று இன்று தோன்றியது. அப்புறம் யோசித்தேன். ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்பாள். நோட்டை நம்பி என்று சொன்னால், அவ்வளவு நிச்சயம் என்றால் ஏன் இப்போதே விற்கவில்லை என்று கேட்பாள். கேட்க மாட்டாளோ? கேட்பாள். எதற்கு வம்பு. இன்னும் கொஞ்ச நாள்தானே.

ஜூன் 9, சனி

விற்றுவிட்டது! மணி விடியற்காலையில் கூப்பிட்டான். நான் போட்ட கணக்கைவிடக் கூடவே போயிருக்கிறது. இரண்டு பேர் விடாமல் விலையை ஏற்றியிருக்கிறார்கள். கடைசியில் ஆல்டன்ரிட்ஜ் ஊரிலேயே இருக்கிற ஒரு பெரியவர் எடுத்திருக்கிறார். வீட்டில் நானே கேசரி கிண்டினேன். கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது, ஆனாலும் கேசரிதான்.

நாளைக்குக் காலையில் முதல் வேலை கிருபா வீடு. அவளுடைய நோட்டை வாங்கி மணிக்குப் படம் அனுப்ப வேண்டும். ஏலம்கூட வேண்டாம், ஏற்றிக்கொண்டு போய்த் தோற்ற அந்த இன்னொருவருக்கே நேராகக் கொடுக்கலாம். பெரிய பாரம் இறங்கினாற்போல இருக்கிறது. இதைத்தான் முதலிலிருந்தே நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 10, ஞாயிறு

அவர்கள் சர்ச்சிலிருந்து வருகிற நேரமாகப் பார்த்துப் போனேன். வாசலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. தேவசித்தம் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகங்களைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்ன இது?" என்றேன்.

"வீடு போயிருச்சுண்ணே" என்றாள் கிருபா. "போன வாரம் அந்தப் பையன் வேற பார்ட்டியக் கூட்டியாந்து ரொக்கமா வாங்கிட்டான். பெரியவரு அழுதுட்டாரு, பாவம். அவரு என்ன செய்வாரு. ஒட்டன்சத்திரத்துல எங்க சித்தி மகன் வீட்டுல கீழ ஒரு ரூம் இருக்காம். அங்க போறோம்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"ஒங்க ஏலம் நடக்குற நேரத்துல எதுக்குண்ணே ஒங்களப் போட்டு அலட்டணும்னு விட்டுட்டேன்."

சரி, வீடு போனால் போகட்டும், நோட்டாவது இருக்கிறதே, அந்தப் பணத்தில் வேறு கீழ்வீடு வாங்கலாம் என்று மனசுக்குள் தேற்றிக்கொண்டு, "நோட்ட எடுங்க பாப்போம்" என்றேன்.

சிரித்த முகத்தோடு உள்ளே போய் எடுத்துவந்தாள். பளபளவென்று இருந்தது. லேமினேஷன் செய்திருந்தாள்.

"நீங்க சொன்னீகள்ல, கை படக்கூடாது, ஈரம் படக்கூடாதுன்னு. சர்ச் முக்குல ஜெராக்ஸ் கடைத் தம்பிட்டக் குடுத்துப் போட்டுட்டேன். இனிமே தண்ணிக்குள்ள போட்டாக்கூட ஒண்ணும் ஆகாதுண்ணே."

எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். மார்க் ஷீட், ஜாதிச் சான்றிதழ், கல்யாண அழைப்பிதழ், செத்தவர் படம், எதையெல்லாம் காப்பாற்ற நினைக்கிறார்களோ அதையெல்லாம் கொண்டுபோய்ப் பிளாஸ்டிக்கில் போட்டுச் சூட்டில் அழுத்திவிடுவார்கள். இது எனக்குத் தெரியாதா? மங்கையின் பென்ஷன் ஆர்டரையே நான்தான் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு பழைய நோட்டுக்கு இதைவிடப் பெரிய கேடு கிடையாது. பிளாஸ்டிக் தாளோடு உருகி ஒட்டிவிடும். உரித்தால் மையோடு கிழியும். நோட்டு சேர்க்கிற எவனும் கையால் தொடமாட்டான்.

திருப்பிப் பார்த்தேன். மேல் ஓரம் ஸ்கேல் வைத்தாற்போல நேராக இருந்தது.

"இங்க ஒரு வளைவு இருந்துச்சே?" என்று கேட்டேன்.

"ஆமாண்ணே, கோணலா இருந்துச்சு. அந்தத் தம்பிதான் அழகா நேரா வெட்டிக் குடுத்தாப்ல."

நான் என்ன சொன்னேன்? "நல்லா இருக்கு" என்று சொன்னேன். "மணிக்கு எழுதிக் கேக்குறேன்" என்று சொன்னேன். தேவசித்தம் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்தேன்.

ஜூன் 12, செவ்வாய்

நோட்டை வாங்கியவர் எழுதியதை மணி அனுப்பியிருக்கிறான். அவருடைய தாத்தா அந்த பேங்கில் வாசலில் நின்ற காவல்காரராம். முப்பது வருஷமாக ஆல்டன்ரிட்ஜ் நோட்டு ஒன்றுக்காக அலைந்தாராம். எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.

அதற்குக் கீழே, 'இதே தாளின் அடுத்த நோட்டு எங்காவது கிடைத்தால் தயவுசெய்து எனக்குத்தான் எழுத வேண்டும். உங்கள் நோட்டின் கீழ் ஓரத்தில் ஒரு வளைவு இருக்கிறது. அதோடு பொருந்துகிற இன்னொன்று கிடைத்தால், அதற்கு நான் இப்போது கொடுத்ததைப் போல மூன்று பங்கு கொடுப்பேன். ஒன்றே ஒன்று என்பதற்காக நான் இதை வாங்கவில்லை' என்று எழுதியிருக்கிறார்.

மூன்று பங்கு. இரண்டும் சேர்ந்து என் மேஜையில் கிடந்த நோட்டுகள். புலியாம் நான்.

ஜூன் 13, புதன்

லேமினேஷனைப் பிரிக்க முடியுமா என்று பெங்களூரில் ஒருவருக்கு, மும்பையில் ஒருவருக்குப் போன் செய்தேன். மும்பைக்காரர் சிரித்தார். பெங்களூர்க்காரர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 14, வியாழன்

மங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீடு போனது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. லேமினேஷன் தெரியாது. கேட்டதும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். திட்டவில்லை. "நானும்தான் அதைப் பத்திரமா வச்சிக்கன்னு சொன்னேன்" என்று மட்டும் சொன்னாள். எப்போது சொன்னாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஜூன் 17, ஞாயிறு

காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் இல்லை.

ஜூன் 23, சனி

இன்று கிருபா வீடு காலி செய்தாள். லாரி காலையில் வந்துவிட்டது. மங்கை முட்டிவலி என்று வரவில்லை. நான் போனேன். ஏலப் பணத்தில் பாதியை ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

கட்டில், ஸ்டவ், தையல் மெஷின், நாலு மூட்டை, அவ்வளவுதான். தேவசித்தத்தை முன்சீட்டில் ஏற்றுவதற்கு டிரைவரும் நானும் பிடித்தோம். அவன் சரிவுத்தளத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அங்க படி இருக்குமாக்கா?" என்று கேட்டான். "ஒரே ஒரு படிதான்டா, பாத்துக்கலாம்" என்றாள்.

ஒப்படைக்க வேண்டிய சாவியை எடுக்க அவள் உள்ளே போனபோது நானும் பின்னாடியே போனேன். வெறும் அறை. சுவரில் காலண்டர் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. கவரை நீட்டினேன்.

"என்னண்ணே இது?"

"கிருபா, ஒங்ககிட்ட நான் ஒரு விஷயத்த மறச்சுட்டேன்."

"எத? ரெண்டும் ஒரே தாள்ல வெட்டுனதுங்கிறதையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்குக் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. சாவிக்கொத்திலிருந்து தன் பைபிள் பெட்டிச் சாவியைத் தனியே கழற்றிக்கொண்டே பேசினாள்.

"அக்கா மாவடு குடுக்க வந்தன்னிக்கே சொல்லிட்டாக. ஒங்களுது விக்கிற வரைக்கும் என்னுது வெளிய தெரிய வேணாம்னு நெனைக்கிறீகன்னு. அக்காவுக்கு ஒங்க மேல ஒரே கோவம். நான்தான், விடுங்கக்கா, அண்ணன் எத்தன வருசமா அத வச்சிக் காத்துக்கிட்டிருக்காரு, மொதல்ல அவருக்கு நடக்கட்டும்னு சொன்னேன்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க? வேற யார்ட்டயாவது கொண்டுபோயிருக்கலாமே கிருபா!"

"ஒங்கள விட்டுட்டு யார்ட்டண்ணே கொண்டுபோவேன்?" என்றாள். "ஒரு வார்த்த கேட்டிருந்தீகன்னா, ரெண்டையும் நீங்களே வச்சிருங்கண்ணேன்னு ஒங்க கையிலயே குடுத்துருப்பேன்."

அழக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை. அவள் முன்னால் நின்று அழுதேன். "ஐயய்யோ, என்னண்ணே இது, லாரிக்காரரு பாக்குறாரு" என்று பதறினாள். கவரை வாங்கவே இல்லை. "வேணும்னா நானே கேக்குறேன்" என்றாள். கேட்க மாட்டாள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

லேமினேஷன் போட்டதும் ஓரத்தை வெட்டியதும் நோட்டையே கொன்றுவிட்டது என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. இதிலாவது நான் வாயை மூடிக்கொண்டது சரி என்று நினைக்கிறேன். அவள் அதை அப்பாவின் ஞாபகமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினாள்.

வீட்டுக்கு வந்தேன். மங்கை கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முட்டிவலியெல்லாம் ஒன்றும் இல்லை. எதிரில் உட்கார்ந்தேன்.

"கிருபாட்ட சொன்னத எங்கிட்ட ஏன் சொல்லல நீ?" என்று கேட்டேன்.

"சொல்லிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? வேற வழியில்லாம போய் அவகிட்ட சொல்லிருப்பீங்க. நீங்களா சொல்லணும்னு அவளுக்கு ஆச." கீரையை முறத்தில் தள்ளினாள். "தெனமும் போன் பண்ணிக் கேப்பா, அண்ணன் ஏதாச்சும் சொன்னாரான்னு. நான் இல்லம்பேன்."